கேட்காமல் பெயர் போடாதீர்கள்

நேற்று இரவு முதல் அந்த ஸ்கிரீன்ஷொட் எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. பார்த்திருப்பீர்கள். "அசைன் பண்ணி மூன்று கிழமை ஆகிறது, ஒரு பதிலும் இல்லை, இப்படிப் பொறுப்பில்லாத ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்று ஒரு செயலியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் எழுதியது. ஒரு வழுவை, அதாவது செயலியில் உள்ள பிழையை, திருத்தும் வேலையை ஒருவர் பெயரில் போடுவதுதான் அசைன் பண்ணுவது. கீழே சிரிப்புக் குறி போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. அந்தப் பொறுப்பில்லாத ஆள் எனக்குத் தெரிந்த தம்பி. களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்கு வந்து, போன் திருத்தும் கடையில் பொழுதுபடும் வரை வேலை செய்கிறவன்.

அவனிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வழுவை நான் எடுக்கிறேன் என்று அவன் எங்கேயும் எழுதவில்லை. வேறொருவர் போட்ட இஸ்யூவின் (பிழை முறைப்பாட்டின்) கீழே, எனக்கும் இதே பிரச்சினை வருகிறது, இன்ன போன், இன்ன பதிப்பு என்று நாலு வரி எழுதினான். மென்பொருள் நிரல்களை வைத்துச் சேர்ந்து வேலை செய்யும் கிட்ஹப் தளத்தில் ஒரு இஸ்யூவில் கருத்து எழுதிய ஒருவரை, அவர் அந்தத் திட்டத்தில் ஆளாக இல்லாவிட்டாலும், அசைன் பண்ணலாம். உதவியாக எழுதின நாலு வரியைப் பிடித்து அவன் தலையில் வேலையைக் கட்டிவிட்டார்கள்.

ஏன் அவன்? தமிழ் எழுத்தில் வரும் வழு, அவன் தமிழன். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

அந்த வழுவைக் கொஞ்சம் பாருங்கள். தேடல் பெட்டியில் 'கொக்கட்டிச்சோலை' என்று அடித்தால் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறது. அதே பக்கத்தில் அந்தப் பெயர் கண்ணுக்கு நேரே இருக்கிறது. 'கொ'வில் வரும் ஒகரக் குறியை, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோட்டில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'சோ'வுக்கும் இதே கதை. இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று யூனிகோட் தெளிவாகச் சொல்கிறது. தேடுவதற்கு முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். பிரெஞ்சில் மேலே குறி போட்ட எழுத்துகளுக்கும் இதே பிரச்சினை வரும். இது தேடல் பகுதியை எழுதியவர் திருத்த வேண்டிய வழு. தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் சோதித்துச் சொல்லலாம். அதைத்தான் அவன் செய்தான்!

"யாராவது பொறுப்பெடுக்கத்தானே வேண்டும்" என்பீர்கள். சரி, எடுக்கட்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் எந்தப் பகுதியை யார் பார்க்கிறார்கள் என்று மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கோப்பை யார் தொட்டார்கள் என்று பார்த்து ஆளைக் காட்ட ஒரு ஸ்கிரிப்டும் உண்டு. அங்கே கேள்வி, யாருக்கு அந்த நிரல் தெரியும் என்பது. பயர்பொக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவின் வழுப் பட்டியலான பக்சில்லாவில் ஒருவரும் எடுக்காத வழு 'நோபடி' (ஒருவருமில்லை) என்ற பெயரில் கிடக்கும். அப்படிக் கிடந்தால் இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்ற உண்மையாவது எல்லோருக்கும் தெரியும். சம்மதம் கேட்காமல் ஒருவன் பெயரைப் போட்டால், யாரோ பார்க்கிறார்கள் என்று நினைத்து மற்றவர்களும் தொடமாட்டார்கள். அந்த மூன்று கிழமையும் இப்படித்தான் போனது.

"பிடிக்காவிட்டால் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கலாமே" என்று நேற்றே ஒருவர் கேட்டார். அந்த அறிவிப்பு அவன் மின்னஞ்சலில் எங்கே கிடந்ததோ. பார்த்திருந்தாலும் என்ன? என் அப்பாவின் பெயரை ஒரு முறை ஊர்க் கோயில் திருவிழா நோட்டீசில் உபயகாரராகப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு எப்படி இல்லையென்பது? அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. நன்கொடை தருவது அவரவர் மனம். பெயரை முதலில் போட்டுவிட்டு மனத்தைப் பிறகு எதிர்பார்க்கக் கூடாது. கேட்காமல் பெயர் போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மெயின்டெய்னரும் சம்பளமில்லாமல் செய்கிறார் என்பது தெரியும். அதற்காக இன்னொருவனை ஊர் முன்னால் அவமானப்படுத்தும் உரிமை வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பல வருடமாக மனதில் கிடக்கிறது. வேறொரு திட்டத்தில் தரவு ஒத்திசைக்கும் பகுதியில் இருந்த ஒரு வழுவை நான் எடுக்கிறேன் என்று கேட்டேன். காரணத்தையும் கண்டுபிடித்து எழுதியிருந்தேன். "நீங்கள் தமிழ் மொழிபெயர்ப்பைப் பாருங்கள், அதுதான் பெரிய உதவி" என்று பதில் வந்தது. அந்த வழு வேறொருவருக்குப் போனது. எழுத்துரு, விசைப்பலகை, மொழிபெயர்ப்பு என்றால் எங்கள் பெயர் உடனே ஞாபகம் வருகிறது. பாதுகாப்பு, வேகம், தரவுத்தளம் என்றால் யாருக்கும் வருவதில்லை. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு 'கொ'வும் 'சோ'வும் மட்டும்தான் தெரியுமா? தமிழுக்கு உழைப்பதில் எனக்குக் குறையில்லை, விருப்பத்தோடுதான் செய்கிறேன். எதைச் செய்யலாம் என்பதை எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் வலிக்கிறது.

"சின்ன விசயத்தைப் பெரிதாக்குகிறாய்" என்று சொல்ல வருபவர்கள், முதலில் அந்தத் தம்பியிடம் பேசிவிட்டு வாருங்கள். இன்று காலை அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அண்ணன், நான் இனி இஸ்யூவில ஒண்டும் எழுதாம விட்டா சரிதானே?"

அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் இந்தப் பதிவைப் பார்க்கிறீர்கள் என்று தெரியும். அவன் பெயரை அசைனியிலிருந்து எடுங்கள். 'பொறுப்பில்லாத' என்ற அந்த வரியையும் எடுத்துவிட்டு, எழுதிய அதே இடத்தில் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். தேடல் பகுதியை எழுதியவர் யார் என்று உங்கள் கிட் வரலாற்றிலேயே (யார் எதை மாற்றினார் என்ற பதிவிலேயே) இருக்கிறது, அவரிடம் நேரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். திருத்தம் வந்ததும் தமிழில் சோதித்துத் தர நான் வருகிறேன்.