கையுவான் கோயிலின் பின்பக்கத் தூண்கள்

சீனாவில் சுவான்சௌ என்ற ஊருக்குப் போகவேண்டும் என்பது என் பல வருட ஆசை. காரணம், அங்கே கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு. 1281 சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்பவர் அந்தத் துறைமுக ஊரில் திருக்கானீச்சுரம் என்ற சிவன் கோயிலை அமைத்ததை அது சொல்கிறது. அந்தக் கோயில் இப்போது இல்லை. ஊரில் இருந்த சிவாலயக் கற்கள் பல இடங்களுக்குச் சிதறிப்போயின. அவற்றில் சில, 686-இல் தொடங்கிய கையுவான் பௌத்தக் கோயிலில் இருக்கின்றன.

போனேன். கோயில் இருக்கும் மேற்குத் தெருவில் கால் வைக்க இடமில்லை. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தது, பிறகு தலையில் பூ வைத்துப் படம் எடுக்கும் மோகம் வந்தது. பக்கத்து மீனவக் கிராமமான ஷுன்புவில் பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூச்சரம் சூடுவது வழிவழியாக வந்த வழக்கம். இப்போது கடைக்குக் கடை பிளாஸ்டிக் பூவும் உடையும் வாடகைக்கு. மொட்டைமாடி காபிக்கடைகளில் விற்பதே கோபுரம் தெரியும் நாற்காலிதான்.

அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தலை நிறையப் பூவோடு சிரிக்கிறவர்களைப் பார்த்து யாருக்குக் கோபம் வரும்? கூட்டத்தால் நாலு குடும்பம் பிழைக்கிறது, அதுவும் சரி. என் மனம் பொறுக்காதது முற்றத்தில் நடந்த ஒன்று. பெரிய மண்டபத்துக்கு நேர் எதிரே ஒரு புகைப்படக்காரர் ஸ்டூல் போட்டு, வெள்ளித்தகடு பிடிக்க ஆள் வைத்து, ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்ப நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஊதுபத்தியைப் பிடித்தபடி ஒரு பாட்டி. சாம்பல் அவர் விரலில் உதிர்ந்தது. அவர்கள் நகரும்வரை நின்றார், நகர்ந்ததும்தான் மண்டியிட்டார். அது அவருடைய கோயில் அல்லவா? குறைந்தபட்சம் மண்டபத்துக்கு முன்னால் உள்ள அந்த இடத்தையாவது படப்பிடிப்புக்கு மூடலாம். தெரு முழுக்க இருக்கிறதே, அங்கே எடுக்கட்டும்.

இரட்டைக் கல்கோபுரங்களை நிதானமாகப் பார்த்தேன். 13-ஆம் நூற்றாண்டில் கட்டியவை, 1604 பெரும் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றவை. மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்கு முக வீரன் ஒருவன் இருக்கிறான். அனுமனோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு.

கடைசியாக மண்டபத்தின் பின்பக்கம் போனேன். கூட்டம் அங்கே வரவில்லை. பச்சை கலந்த கருங்கல்லில் பதினாறு பட்டைகள் கொண்ட தூண்கள் இரண்டு. வட்டத்துக்குள் ஹிரண்யனை மடியில் கிடத்திய நரசிம்மர். கொஞ்சம் தள்ளி மருத மரங்களுக்கு நடுவே கண்ணன். உள்ளங்கையை விரித்தால் மறைந்துவிடும் அளவுதான். சீனக் கோயிலைத் தாங்கி நிற்கும் நம் ஊர்க் கதை. தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் மறுபடி போனேன். வாடகைப் பூக்கடைகள் திறக்கவில்லை. முற்றத்தில் வயதானவர்கள் மட்டும், ஊதுபத்திப் புகை, பெருக்குமாறு சத்தம். நேற்றுப் பார்த்த பாட்டியைத் தேடினேன். காணவில்லை. அவர் நின்ற இடம் காலியாக இருந்தது, யார் வேண்டுமானாலும் மண்டியிடலாம்.