திறந்து பார்க்க முடியாத ஏர் ஃபில்டர் எனக்கு வேண்டாம்

கார் வைத்திருப்பவர்களுக்கான நீளமான பதிவு இது. பொறுமை இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில கார்களில் ஏர் ஃபில்டரை, அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் பாகத்தை, பெட்டியோடு சேர்த்து ஒரே துண்டாக மூடி, "இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் ஓடும், அதுவரை கையே வைக்க வேண்டாம்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உங்கள் காரில் அப்படி ஒன்று இருந்து, அதை மாற்றும் காலமும் வந்துவிட்டால், அதே வகையை மறுபடி வாங்காதீர்கள். அதே என்ஜினுக்கு அதே நிறுவனம் சாதாரணக் காகித ஃபில்டருக்கென்று செய்த பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பெட்டியை முழுதாக மாற்றுங்கள். ஃபில்டரை மட்டுமல்ல, பெட்டியையே. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஃபில்டர் விஷயத்துக்கு இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முறையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்குள் சுமார் 9,000 லிட்டர் காற்று என்ஜினுக்குள் போய் வருகிறது. அவ்வளவு காற்றும் சாலையோரக் காற்று. அதிலுள்ள தூசியில் கணிசமான பங்கு குவார்ட்ஸ், அதாவது மணல் துகள். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, எஃகையே கீறிவிடும். கண்ணுக்குத் தெரியும் பெரிய துகளை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். ஆபத்தானவை 5 முதல் 20 மைக்ரான் வரையிலான நுண்துகள்கள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமனும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது. துகள் அந்த இடைவெளியில் புகுந்து இரண்டு பக்கமும் உரசிக்கொண்டே இருக்கும். வளையம் தேயும், எண்ணெய் குறையத் தொடங்கும், என்ஜினின் அழுத்தம் இறங்கும். இது எதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால், தொடக்கத்தில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது.

இனி அந்த நீண்ட ஆயுள் ஃபில்டர். பொறியியலாகப் பார்த்தால் அது மோசமான சரக்கு அல்ல. நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். மடிப்பு மடிப்பாக இருக்கும் காகித ஃபில்டர் தூசியை மேற்பரப்பில் பிடிக்கிறது. அப்படிப் படியும் தூசியே இன்னொரு வடிகட்டியாகி விடுவதால், சற்று அழுக்கான காகிதம் புத்தம் புதிய காகிதத்தைவிட நன்றாக வடிகட்டும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் அடைத்துக்கொள்ளும். நுரைப்பொருளால் ஆன நீண்ட ஆயுள் வகையோ தூசியைத் தன் தடிமன் முழுவதும் வாங்கிக்கொள்கிறது. முன்புறம் பெரிய துளைகள், பின்னால் போகப் போகச் சிறிய துளைகள். அதனால் அடைத்துக்கொள்வதற்கு முன்பு பல மடங்கு தூசியைத் தாங்கும். 2000களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஃபோர்ட் ஃபோகஸ் கார்கள் சிலவற்றில் இந்த வகை இருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட ஆயுள் 1,50,000 மைல், அதாவது சுமார் 2,40,000 கிலோமீட்டர்.

என் சண்டை அந்த நுரையோடு அல்ல, அதைச் சுற்றி மூடிய பெட்டியோடு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. "அதற்குத்தான் குழாயில் ஒரு காட்டி வைத்திருக்கிறார்களே, அடைத்துக்கொண்டால் நிறம் மாறிக் காட்டுமே" என்பார்கள். அந்தக் காட்டி எதை அளக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் என்ஜின் எவ்வளவு சிரமப்பட்டு உறிஞ்சுகிறது என்பதை மட்டும்தான். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உறிஞ்சும் இழுப்பு கூடும், காட்டி நகரும். சரி. ஆனால் நுரை ஓரத்தில் கிழிந்திருந்தால்? பெட்டியின் ஒட்டு விட்டுப்போயிருந்தால்? காற்று அந்த ஓட்டை வழியாகச் சுகமாகப் போகும். இழுப்பு குறையும். காட்டி முன்னைவிட ஆரோக்கியமாகத் தெரியும்! என்ஜின் மணலைத் தின்றுகொண்டிருக்கும் நேரத்தில் "எல்லாம் நலம்" என்று சொல்லும் கருவியை நம்பித்தான் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டச் சொல்கிறார்கள்.

காகித ஃபில்டரில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. கிளிப்பைக் கழற்றி மூடியைத் தூக்கினால் போதும். ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில், அதற்குப் பின்னால் இருக்கும் குழாயின் உட்சுவரில், ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் தூசி வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. எண்ணெய் மாற்றும்போது பழைய எண்ணெயைப் பரிசோதனைக்கு அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் அறிக்கையில் மணலில் இருக்கும் தனிமமான சிலிக்கானின் அளவையும் பார்க்கலாம். வழக்கத்தைவிட அது ஏறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றுப் பாதையைத்தான்.

இன்னொன்று. அந்த ஆயுட்கணக்கு சாதாரண ஓட்டத்துக்கானது. கல் குவாரிக்குப் பக்கத்திலும் மண் சாலையிலும் ஓடும் காருக்கு அது பொருந்தாது என்று கையேட்டிலேயே எங்கோ எழுதியிருப்பார்கள். எழுதியிருந்து என்ன பயன்? பார்க்கவே முடியாததை "அடிக்கடி பாருங்கள்" என்று சொன்னால் என்ன செய்வது? முதல் உரிமையாளருக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. அவர் ஃபில்டருக்கு ஒரு காசும் செலவழிக்காமல் காரை விற்றுவிட்டுப் போயிருப்பார். கட்டணம் வருவது மூன்றாவது கைக்கு. காரின் மதிப்பு தரைமட்டத்துக்கு வந்த பிறகு, சாதாரண ஃபில்டரின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து ஒரு முழுப் பெட்டியை வாங்க வேண்டியவர் அவர்தான்.

சரி, மாற்றுவதால் மைலேஜ் கூடுமா? கூடாது. இதில் நிறையப் பொய் உலவுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்தது. கணினி கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும் நவீன பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வேகம் எடுப்பதில்தான் தொய்வு தெரிந்தது. கணினி இல்லாமல் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் பழைய கார்புரேட்டர் வண்டியில் மட்டும் புது ஃபில்டரால் 2 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் கூடியது. காரணம் எளிது. பெட்ரோல் என்ஜினில் காற்றைக் கட்டுப்படுத்த த்ராட்டில் என்ற தடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொள்வது, பாதி மூடிய தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் இன்னொரு குழாயையும் சற்றுத் திருகி மூடி வைப்பது போலத்தான். நீங்கள் பெடலைக் கொஞ்சம் கூடுதலாக மிதிப்பீர்கள், த்ராட்டில் கூடுதலாகத் திறக்கும், உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கணினி அளந்து கொடுக்கும். ஆகவே மைலேஜுக்காக இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள். என்ஜினின் ஆயுளுக்காகச் செய்யுங்கள்.

இப்போது பெட்டி விஷயம். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூடிய பெட்டியை ரம்பத்தால் அறுத்து, நுரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கிடைத்த அளவில் ஒரு காகித ஃபில்டரைத் திணித்து, சுற்றிலும் பசை பூசி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைத்திறனைப் பாராட்டலாம், அந்தக் காரில் ஏறக் கூடாது. ஃபில்டரின் விளிம்பிலுள்ள மென்மையான ரப்பர், பெட்டியின் பள்ளத்தில் சீராக அமர்ந்து அழுந்தினால்தான் தூசி நிற்கும். நூலளவு இடைவெளி போதும், உள்ளே இருக்கும் ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததானாலும் வீண்.

அதைவிட நுட்பமான சிக்கல் காற்றளவு சென்சார். பல கார்களில் அது பெட்டியின் வாயிலோ அதை ஒட்டிய குழாயிலோ இருக்கும். சூடான மெல்லிய கம்பியைக் காற்று எவ்வளவு குளிர வைக்கிறது என்பதை வைத்துத்தான் அது காற்றை அளக்கிறது. அந்தக் குழாயின் விட்டத்துக்கும், பெட்டியிலிருந்து காற்று வெளியேறும் விதத்துக்கும் ஏற்பத்தான் கணினியில் கணக்கு எழுதப்பட்டிருக்கும். குழாயின் அகலம் மாறினால் கணக்கு தவறும், பெட்ரோல் கலவை தவறும், எச்சரிக்கை விளக்கு எரியும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்களில் எண்ணெயை அளவுக்கு மீறிப் பூசினால் அது அந்தக் கம்பியிலேயே போய்ப் படியும். கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர் என்ஜின் அறையின் சூடான காற்றை உறிஞ்சும். சத்தம் கம்பீரமாக இருக்கிறதாம், இருக்கட்டும்.

எனவே அதே என்ஜின், அதே சென்சார் கொண்ட மாடலுக்கான பெட்டி, அதன் முன் குழாய், பின் குழாய், ரப்பர் தாங்கிகள் எல்லாம் ஒரே தொகுப்பாக வேண்டும். பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் கிடைக்கும் பழைய பெட்டி போதும், விரிசல் இல்லாமல் இருந்தால். ஃபில்டர் மட்டும் புதிது. பொருத்தும்போது என்ஜினிலிருந்து வரும் புகைமூச்சுக் குழாயை மறக்காதீர்கள். பல வண்டிகளில் அது ஃபில்டருக்குப் பின்னால், சுத்தமான பக்கத்தில் சேரும். அதைச் சொருகாமல் விட்டால் வடிகட்டாத காற்று நேராக உள்ளே போகும்.

ஒரு முக்கிய விலக்கு. கலிஃபோர்னியாவின் கடுமையான மாசு விதிகளுக்காகச் செய்யப்பட்ட சில கார்களில், நிறுத்தி வைத்திருக்கும்போது என்ஜினிலிருந்து கசியும் பெட்ரோல் ஆவியைப் பிடிப்பதற்கென்று காற்றுப் பாதையிலேயே கரி அடுக்கு இருக்கும். அந்த வகைக் கார்களின் மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு 15 ஆண்டு அல்லது 1,50,000 மைல் உத்தரவாதம் உண்டு. அந்தப் பாகத்தைக் கழற்றுவது அங்கே சட்ட விரோதம். உங்கள் கார் அந்த ரகமா என்று பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் மாசு அட்டையைப் படித்துப் பாருங்கள்.

காகித ஃபில்டருக்கு மாறினால் வேலை கூடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கையேட்டுக்கு ஏற்ப ஏறக்குறைய 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். தூசியில் ஓடும் வண்டியென்றால் இன்னும் சீக்கிரம். அதற்காக வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதும் தவறு. திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசி உள்ளே விழும். சர்வீஸ் நிலையங்களில் அழுத்தக் காற்றை அடித்து "சுத்தம் செய்துவிட்டோம்" என்று திருப்பிப் பொருத்துவார்களே, அதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். பானட்டைத் திறக்கும் பழக்கமே இல்லாதவர்கள் நீண்ட ஆயுள் பெட்டியிலேயே இருப்பதுதான் அவர்கள் காருக்கு நல்லது.

உங்கள் என்ஜினுக்குச் சாதாரணப் பெட்டியே நிறுவனம் செய்யவில்லை என்றால் விலையைப் பார்க்காமல் அந்த நீண்ட ஆயுள் பெட்டியையே வாங்கிப் பொருத்துங்கள். ரம்பத்தை மட்டும் எடுக்காதீர்கள்.