வியன்னாவும் என் ஓட்டை ஜெர்மனும்

வாரத்துக்கு ரெண்டு பேராவது இன்பாக்ஸில் கேட்கிறார்கள். "அண்ணா, வியன்னாவுல மாஸ்டர்ஸ் பண்ணலாமா? ஃபீஸ் எவ்வளவு?"

ஃபீஸைச் சொல்லிவிடுகிறேன். வியன்னா பல்கலைக்கழகத்தில் நான் படித்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 726.72 யூரோ. மாணவர் சங்கச் சந்தா தனி, அது சொற்பம். லண்டனில் கேட்கிற காசோடு பார்த்தால் இதெல்லாம் கொசுறு. அந்தச் சந்தோஷத்திலேயே எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். ஜெர்மன் எவ்வளவு தெரிந்திருக்கணும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. கோர்ஸ் முழுக்க இங்கிலீஷ்தானே என்று ஏ1 என்கிற ஆரம்ப நிலை ஜெர்மன் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறிய ஆள் நான்.

முதல் பரீட்சை ரிசல்ட்டில் "1" என்று போட்டிருந்தது. வயிறு கலங்கிவிட்டது. இங்கே 1 தான் முதல் தரம், 5 வந்தால்தான் ஃபெயில் என்று பக்கத்து அறைப் பையன் சொல்லித்தான் தெரியும். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேஜையை விரல் முட்டியால் தட்டினார்கள். வாத்தியார் மேல் ஏதோ கோபம் போல என்று நினைத்தேன். இங்கே அதுதான் கைதட்டல். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம்.

சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. ரிங் சாலையில் இருக்கும் பிரதான கட்டடம் 1884-இல் திறந்தது. பல்கலைக்கழகத்துக்கு அதைவிட வயது ஜாஸ்தி, 1365-இல் நான்காம் ருடால்ஃப் கோமகன் தொடங்கியது. அந்தக் கட்டடத்தின் ஒரு மாடிப்படி வழியாகத்தான் தினமும் போவேன். தரையில் என்னவோ எழுதிப் பதித்திருந்தது. நம்மூர்க் கோவில் படியில் "உபயம்" என்று பேர் வெட்டியிருப்பார்களே, அந்த மாதிரி இருக்கும் என்று நினைத்து, மிதித்துக்கொண்டே போனேன். ஒரு வருஷம்.

மாலை வகுப்பில் பி1 என்கிற நடுத்தர நிலை ஜெர்மன் முடித்த பிறகு ஒருநாள், நண்பனுக்காகக் காத்திருந்தபோது எழுத்துக்கூட்டி வாசித்தேன். மோரிட்ஸ் ஷ்லிக், 1936 ஜூன் 22, இந்த இடத்தில் கொல்லப்பட்டார். இனவெறியும் சகிப்பின்மையும் நஞ்சாக்கிய சூழலும் அந்தக் கொலைக்கு ஒரு காரணம் என்று அடுத்த வரி. வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவின் மையமாக இருந்த பேராசிரியர் அவர். சுட்டவன் அவரிடமே படித்த முன்னாள் மாணவன். பத்தாண்டு சிறை என்று தீர்ப்பானது. 1938-இல் நாஜிகள் வந்ததும் வெளியே விட்டுவிட்டார்கள். அதே வருஷம் 2,700-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களையும் மாணவர்களையும், பெரும்பாலும் யூதர்களை, இதே பல்கலைக்கழகம் வெளியே துரத்தியது.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நான் மிதித்தது ஒரு பக்கம். இந்த ஊரில் இன்னும் எத்தனை சுவரை, எத்தனை கல்லை வாசிக்காமல் தாண்டிப் போயிருப்பேன் என்பது இன்னொரு பக்கம்.

லேபிலேயே கிடக்கிற படிப்பு என்றால் இங்கிலீஷை வைத்தே ஒப்பேற்றலாம், மறுக்கவில்லை. ஆனால் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்க அனுமதி இருந்தும், ஜெர்மன் இல்லாமல் நான் ஏறி இறங்கிய கடைகள் ஏராளம். கூடப் படித்த சிலர் ரெண்டு வருஷமும் விடுதி, சனிக்கிழமை பிரியாணி, ஷோன்ப்ரூன் அரண்மனை முன்னால் செல்ஃபி என்றே முடித்துக்கொண்டார்கள். பட்டம் அவர்களுக்கும் கிடைத்தது. ஊர் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஒரு எச்சரிக்கை: புத்தக ஜெர்மனும் சந்தையில் பாதிதான் செல்லும். தக்காளிக்கு இங்கே 'பரடைஸர்', உருளைக்கிழங்குக்கு 'எர்ட்எப்ஃபெல்'. அதைக் காய்கறி விற்கிற அம்மாவிடம்தான் கற்றேன், திட்டு வாங்கிக்கொண்டே.

இதையெல்லாம் போன வாரம் ஒரு தம்பிக்கு விலாவாரியாக எழுதி, பி1 முடித்துவிட்டு வா என்றேன். "சரிண்ணா. ஃபீஸை தவணையா கட்டலாமா?" என்று பதில் வந்திருக்கிறது.