லட்சுமிபாயின் மகள்

இந்தியப் பெண்களின் கல்விக்காகப் பாடுபட்ட பண்டித ரமாபாயின் பெயரை எடுத்தாலே பேச்சு நேராக 1883-க்குப் போய்விடுகிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தின் வாண்டேஜில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அதைப் போற்றுவோரும் பழிப்போரும் அங்கிருந்தே அவருடைய கதையைத் தொடங்குகிறார்கள். அப்போது அவருக்கு வயது 25. அந்த இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிட்டு அவருடைய விசுவாசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, சாஸ்திரம் கற்ற, மராட்டியத்துச் சித்பாவன பிராமணர். மராட்டிய ஆட்சியாளரான பேஷ்வாவின் குடும்பத்துப் பெண்ணொருவர் சம்ஸ்கிருதம் ஓதக் கேட்ட நாள்முதல், தம் மனைவிக்கும் அதைக் கற்பிக்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. இரண்டாவது மனைவியாக வந்த லட்சுமிபாய்க்கு அப்போது ஒன்பது வயது, கணவருக்கோ நாற்பதுக்கு மேல். இந்த இடம் மனத்தை உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். ஆனால் அதே மனிதர்தான், பெண்ணுக்குப் படிப்பா என்று ஊரும் உறவும் எதிர்த்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலக் காட்டுக்குக் குடிபெயர்ந்து மனைவியைப் படிக்கவைத்தார். 1858-இல் ரமாபாய் அங்கேதான் பிறந்தார்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பிரம்புப் பெட்டியில் வைத்து ஓர் ஆள் தலையில் சுமந்து மலையிறக்கினார். அதன்பிறகு அந்தக் குடும்பத்துக்கு நிலையான வீடு கிடையாது. கோயில் கோயிலாகப் புராணம் வாசித்து, கிடைத்த காணிக்கையில் வாழ்ந்தது. வீட்டு வேலையும் யாத்திரையும் பகலைத் தின்றுவிடுவதால், விடியலுக்கு வெகுநேரம் முன்பே லட்சுமிபாய் பாடத்தைத் தொடங்குவார். வெறுந்தரையில் உறங்கும் மகளைக் கொஞ்சிக் கொஞ்சி எழுப்பி, வாய்மொழியாகவே சுலோகங்களைச் சொல்லித் தருவார். கையில் ஏடு இல்லை. 1907-இல் வெளிவந்த தம் விசுவாச சாட்சிய நூலில் தாயிடம் கற்றதை ரமாபாய் நினைவுகூரும் வரிகளில் தாய்மதத்தின் மீது கோபம் இருந்தாலும், தாயின் மீது ஒரு துளிக் கசப்பும் இல்லை.

பிறகு பஞ்சம் வந்தது. நம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்குவது 1876–77-இல் உச்சத்தைத் தொட்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே சென்னை மாகாணத்தில் பசி தொடங்கிவிட்டதாக அவர் எழுதுகிறார். கூலி வேலை செய்யவும் தெரியாது, கையேந்தவும் மனம் வராது என்ற நிலையில் தகப்பன், தாய், அக்காள் என்று ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். தந்தையின் உடலை வேட்டியில் சுற்றி, அண்ணன் சீனிவாசன் தனியாகவே தூக்கிச் சென்றார். தாயின் பாடைக்கு அந்நியர் இருவர் மனமிரங்கித் தோள் கொடுத்தார்கள். மற்ற இருவர் அண்ணனும் ரமாபாயும். அவர் குள்ளமாக இருந்ததால் பாடையின் தம் முனையைத் தலையில் சுமந்தே சுடுகாடு வரை நடந்தார். விடியலில் தம்மை எழுப்பிய தாயை அந்தப் பெண் அப்படித்தான் வழியனுப்பினார்.

மிஷனரிகள் அவரை அறிவாளி ஆக்கினார்கள் என்று சொல்வோர் ஓர் ஆண்டுக்கணக்கைப் பார்க்கட்டும். அண்ணனும் தங்கையும் இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் நடந்தே 1878-இல் கல்கத்தா சேர்ந்தபோது, அங்கிருந்த பண்டிதர்கள் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் 'பண்டிதா', 'சரஸ்வதி' பட்டங்களை அளித்தார்கள். ஞானஸ்நானத்துக்கு அது ஐந்து ஆண்டு முந்தியது. எதிர்ப்பக்கத்தில், அவர் ஆசை காட்டி மயக்கப்பட்டவர் என்போரும் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்: சாஸ்திரங்களை மூலத்திலேயே படித்து, அவை பெண்ணைப் பற்றிச் சொல்வதை நேரில் கண்டு மனம் கசந்தவரை மயக்குவது அத்தனை எளிதா?

மதம் மாறி நான்காண்டுகள் கழித்து, 1887-இல், உயர்சாதி இந்துப் பெண்களின் நிலைமை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை அவர் யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? தம் தாய் லட்சுமிபாய் டோங்ரேவின் நினைவுக்கு.