கீட்ஹோர்னில் சாலையே இல்லையா?

"நெதர்லாந்தில் சாலையே இல்லாத கிராமம், அழகுக்காகவே கால்வாய் வெட்டிக் கட்டினார்கள்" என்று கீட்ஹோர்ன் படத்துடன் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. படம் உண்மைதான். ஆனால் ஊரை ஒட்டி கார் ஓடும் சாலை இருக்கிறது, பஸ்ஸும் வருகிறது. கார் நுழையாதது பழைய பகுதியில் மட்டும். அங்கே படகு, நடைபாதை, மரப்பாலம்தான்.

அழகுக்காக வெட்டினார்கள் என்பது சுத்தக் கற்பனை. ஓவரைசல் மாகாணத்தின் இந்தச் சதுப்பில் கிடைத்தது 'பீட்'. செடிகொடி மட்கி உண்டான, காய்ந்தால் விறகுபோல எரியும் மண். தண்ணீருக்கடியிலிருந்து அதை வாரி, நடுவில் விட்ட ஒடுங்கிய மண்திட்டுகளில் பரப்பிக் காயவைத்தார்கள். காய்ந்ததைப் படகில் கொண்டுபோக வெட்டிய வழிகள்தான் இன்று செல்ஃபி எடுக்கும் கால்வாய்கள்! திட்டுகளைப் புயல் வெள்ளம் அரித்தபோது தோண்டிய பள்ளங்கள் ஒன்றுசேர்ந்து ஏரிகளாயின. 1776 வெள்ளத்தில் பக்கத்து ஊரான பியூலாக்கே அழிந்தே போனது.

அப்புறம், இப்படித் தண்ணீரோரம் அமைந்த ஊர் இது ஒன்றே அல்ல. அருகிலுள்ள த்வார்ஸ்க்ராக்ட் குக்கிராமமும் இதே ஜாடைதான், கூட்டம்தான் குறைவு.