கெர்னலுக்கு வெளியே ஓடும் டிரைவரால் கணினி முடங்கவே முடங்காதா?

"டிரைவரைக் கெர்னலுக்கு வெளியே சாதாரண புரோகிராமாக ஓட்டினால், அதில் என்ன பிழை இருந்தாலும் கணினி முடங்காது" என்றொரு செய்தி குரூப்களில் சுற்றுகிறது. இது பாதிதான் சரி. (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி; டிரைவர் என்பது ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருள்.)

டிரைவர் புரோகிராம் நின்றுபோனாலும் கெர்னல் பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் நெட்வொர்க் கார்டு போன்றவை டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) வழியாக, பிராசசரைக் கேட்காமலே நினைவகத்தில் எழுதுபவை. டிரைவர் ஒரு முகவரியைத் தவறாகக் கொடுத்தால் போதும், கார்டு கெர்னலின் தரவு மேலேயே எழுதிவிடும். புரோகிராம்களின் நினைவகத்தைப் பிரித்து வைக்கும் எம்எம்யூ என்ற வன்பொருளின் கண்ணில் இது படுவதே இல்லை. வன்பொருள் அளவில் இதைத் தடுப்பது, கார்டு போன்ற சாதனங்கள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூதான்.

டிரைவரைக் கெர்னலுக்கு வெளியே ஓட்ட லினக்ஸில் 2012இல் சேர்ந்த விஎஃப்ஐஓ என்ற வசதி அதைப் பயன்படுத்துகிறது. அதே வேலைக்காக 2007இல் வந்த யூஐஓவில் அந்த ஏற்பாடு இல்லை. விஎஃப்ஐஓவையும் ஐஓஎம்எம்யூ இல்லாமல் ஓட்டலாம். அதற்கான அமைப்பின் பெயரிலேயே 'அன்சேஃப்' என்று போட்டிருக்கிறார்கள்!

லினக்ஸ் கெர்னலின் விஎஃப்ஐஓ ஆவணத்தில் இதைச் சரிபார்க்கலாம். அதுவரை அந்தச் செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள். உங்கள் லினக்ஸ் கணினியில் 'சிஸ்' கோப்பகத்தின் 'கெர்னல்' பிரிவில் 'ஐஓஎம்எம்யூ குரூப்ஸ்' (/sys/kernel/iommu_groups) காலியாக இருந்தால், பாதுகாப்பு இயங்கவில்லை. முதலில் பயாஸில் இன்டெலுக்கு விடி-டி, ஏஎம்டிக்கு ஐஓஎம்எம்யூ ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.