குரூப்பில் வீடியோ போட்டால் பாடம் முடிந்ததா?

ராத்திரி ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸப் குரூப்பில் ஒரு யூடியூப் லிங்க் வந்து விழும். கூடவே "மாணவர்கள் அனைவரும் கண்டிப்பாகப் பார்க்கவும்" என்று ஒரு வரி. பத்துப் பதினைந்து பெற்றோர் வரிசையாகக் கும்பிடு எமோஜி போடுவார்கள். யார் பார்த்தார்கள், பார்த்தவர்களுக்கு என்ன புரிந்தது என்பது போட்டவருக்கும் தெரியாது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது வேறு வழியில்லாமல் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. வகுப்பறை திறந்து இத்தனை வருஷம் ஆகியும் விட்டபாடில்லை.

தமிழ்நாட்டில் பாட வீடியோவுக்குப் பஞ்சமே கிடையாது. 2018இலிருந்து வந்த புதிய பாடநூல்களில் வீடியோவுக்குக் கொண்டுபோகும் க்யூஆர் கோடு இருக்கிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2023இல் பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலி வந்தது. இதற்கு மேலும் ஒளிச்சேர்க்கைக்கு இன்னொரு வீடியோ எடுத்து, இசை சேர்த்து, எடிட் செய்து ஏற்றுவது பெரும்பாலும் ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும் வேலை. போன் வகுப்புக்குள் வருவதாக இருந்தால் அதன் முதல் வேலை, பிள்ளைகளின் மண்டையில் என்ன ஓடுகிறது என்பதை ஆசிரியருக்குக் காட்டுவதாக இருக்கட்டும். பாடத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு ஆயிரம் வழி ஏற்கெனவே இருக்கிறது.

இதற்குப் பிள்ளைகள் கையில் போன் தேவையில்லை. ஆசிரியரின் ஒரே ஒரு போன் போதும். பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் தொடர்ந்து பயன்படுத்துவோர் குறைவு. அதன் வலைத்தளத்திலிருந்து 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை இலவசமாக இறக்கி, ஏ4 தாளுக்கு இரண்டு வீதம் அச்சிடலாம். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் எண், கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு குறி, நாலு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. அட்டை எண்ணையே வருகைப் பதிவேட்டு எண்ணாக வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, தன் விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகக் கொண்டுபோனால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும். ஒருவர் அட்டையின் குறி இன்னொருவருடையதைப் போல இருக்காது. அதனால் பக்கத்தில் எட்டிப் பார்த்து அதேபோல் பிடித்தும் பயனில்லை.

சொதப்பும் இடங்கள் சில உண்டு. அட்டை கிழியக் கூடாதென்று பளபளப்பான லேமினேஷன் போட்டால் டியூப்லைட் வெளிச்சம் அடித்துக் கேமராவுக்குக் குறி தெரியாது. பழைய நோட்டு அட்டையில் ஒட்டிவிடுங்கள், வளையாமலும் நிற்கும். சின்னப் பிள்ளைகள் விரலால் கறுப்புக் கட்டத்தை மறைத்துப் பிடிப்பார்கள். வெள்ளை ஓரத்தை மட்டும் பிடிக்க ஒருமுறை பழக்கினால் போதும். பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அட்டைகள் இருட்டாகத் தெரியும். அப்போது நீங்கள் நிற்கும் பக்கத்தை மாற்றுங்கள்.

ஆனால் கருவியைவிடக் கேள்விதான் முக்கியம். ½ + ¼ எவ்வளவு என்று கேட்கிறீர்கள். தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி போட்டால் "12 பேருக்குத் தெரியவில்லை" என்பதோடு கதை முடிந்துவிடும். 2/6, 2/4, 1/8 என்று கொடுத்துப் பாருங்கள். 2/6 சொன்ன பிள்ளை மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. 2/4 சொன்னதற்குப் பகுதி (கீழ் எண்) ஒன்றாக வேண்டும் என்று தெரியும், தொகுதியை (மேல் எண்ணை) மாற்ற மறந்துவிட்டது. 1/8 சொன்னது பெருக்கியிருக்கிறது. மூன்றுக்கும் மூன்று விதமான வைத்தியம். இதைச் சொல்லித்தர எந்தச் செயலியும் வராது, கணக்கு வாத்தியாருக்குத்தான் தெரியும்.

விடை வந்ததும் உடனே சரியானதைச் சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூர் 1990களில் பரப்பிய முறை இங்கே அழகாகப் பொருந்தும். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சரியென்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். முப்பதுக்குக் கீழே என்றால் பாடத்தையே மறுபடி எடுக்க வேண்டும். இடைப்பட்டு நின்றால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். அதற்குமுன் முடிவு வரைபடத்தைப் புரொஜெக்டரில் காட்டிவிட்டால் கெட்டது கதை. எந்தப் பட்டை உயரமோ அந்தப் பக்கம் எல்லாரும் சாய்ந்துவிடுவார்கள்.

வாட்ஸப் கருத்துக்கணிப்பில் தேர்வு வைப்பது வீண் என்பதற்கும் இதுவே காரணம். ஓட்டுப் போடுமுன்பே மற்றவர்களின் ஓட்டு தெரியும், முதல் மாணவி போட்ட விடைதான் வகுப்பின் விடை. கூகுள் ஃபார்ம் அதைவிட மேல், ஆனால் அதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. மதிப்பெண்ணை உடனே காட்டும்படி விட்டால், முதலில் முடித்தவரின் ஸ்கிரீன்ஷாட் ஐந்தாவது நிமிடம் ஊர் சுற்றும். மதிப்பெண்ணைப் பிறகு வெளியிடும்படி மாற்றி வையுங்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்று பூட்டினால் ஜிமெயில் கணக்கில் நுழையச் சொல்லும், அப்பாவின் ஒரே போனில் எழுதும் அண்ணன் தம்பியில் இரண்டாமவர் மாட்டிக்கொள்வார். பூட்டை எடுத்துவிட்டு, பதிவேட்டு எண்ணை முதல் கேள்வியாகக் கீழிறங்கு பட்டியலில் வைப்பது மேல். தட்டச்சு செய்யும் விடைக்குத் தானாக மதிப்பெண் போடவிடாதீர்கள். விடையில் "ஒளிச்சேர்க்கை" என்று கொடுத்திருக்க, பிள்ளை "ஒளிச் சேர்க்கை" என்று இடைவெளி விட்டாலே அது தப்பு என்றுவிடும்.

தொடக்க வகுப்புகளுக்கு இவையெல்லாம் வேண்டாம், வாய்ஸ் நோட் போதும். வீடியோ ஒரு நிமிடத்துக்குச் சில எம்பி தின்னும், குரல் பதிவு சில நூறு கேபியில் முடிந்துவிடும். பாடநூல் பத்தியைப் படிக்கச் சொன்னால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், கேட்கிறவருக்கு வாசிப்பதுபோலவே இருக்கும். அதனால் பார்த்திராத நாலைந்து வரியைப் படம் எடுத்து அனுப்பி, அப்போதே ஒரு நிமிடம் படித்து அனுப்பச் சொல்லுங்கள். குரூப்பில் வேண்டாம், தனியாக வரட்டும். திக்கிப் படிக்கும் பிள்ளை ஊர் முன்னால் படிக்குமா? நாற்பது பேருடையதையும் ஒரே நாளில் யாராலும் கேட்க முடியாது. தினம் எட்டுப் பேர் என்று பிரித்தால் வாரத்தில் ஒரு சுற்று முடியும். எந்த எழுத்தில் நிற்கிறது, ழகரம் லகரமாகிறதா, ஒற்றெழுத்தை விழுங்குகிறதா என்று பெயருக்கு நேராக ஒரு வரி குறித்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓரிடத்தில் வகுப்பே சிக்கி நின்றால் மட்டும் நீங்களே வீடியோ எடுங்கள். மூன்று நான்கு நிமிடம் போதும். ஸ்டூல் மேல் புத்தகங்களை அடுக்கி, கேமரா மட்டும் வெளியே நீட்டும்படி போனைக் கவிழ்த்து வைத்து, கீழே கோடில்லாத தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டாவிட்டால் கை அசையும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் கை நிழல் எழுத்தின்மேல் விழாது. நெடுக்குவாட்டில் எடுப்பதே நல்லது, வீட்டில் போனைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பவர் குறைவு.

குரூப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாதாரண வகுப்புக் குரூப்பில் ஒவ்வோர் அம்மாவின் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். அறிவிப்புக்கு மட்டும் என்றால் வாட்ஸப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதி போதும், அதில் உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. பிராட்காஸ்ட் பட்டியலும் நல்லதுதான், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்துக் குரூப்பில் போடுகிறவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். யாருடைய மதிப்பெண்ணோ அவர் வீட்டுக்கு மட்டும் அனுப்பினால் போதும்.